எண்ணெய்ச் சட்டியில் தீ

ஒரகடத்தில் மோட்டார் தொழிற்சாலைகள் மலிந்திருக்கின்றன. தீப்பற்றினால் செய்யவேண்டியதைத் தொழிலாளருக்குக் கற்பிக்க வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அவர்கள் வீட்டு அடுப்பங்கரைக்குச் சட்டம் ஏது?

சுத்திகரித்த கடலை எண்ணெய் சுமார் 230 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் புகைகிறது. 300 டிகிரிக்கு மேல் அதன் ஆவியை அடுப்பின் சுவாலை பற்றவைக்கும். இன்னும் காய்ந்தால், சுவாலை தீண்டாமலே பற்றிக்கொள்ளும். செக்கெண்ணெயும், பலமுறை காய்ச்சிய எண்ணெயும் முன்னதாகவே புகையும். கொஞ்சமாக வார்த்த எண்ணெய் விரைவில் காயும். ஆகவே புகை கண்டவுடன் அடுப்பை அணைப்பதே விவேகம்.

பற்றிவிட்டாலோ ஜலம் விடலாகாது. எண்ணெயின் அடியில் இறங்கும் ஜலம் கணத்தில் சுமார் 1,700 மடங்கு ஆவியாகப் பொங்கி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரியிறைக்கும். சட்டியை நகர்த்தாமல் அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, நன்றாக ஆறும்வரை திறவாதிருக்க வேண்டும். அந்த மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டுமென்று நேயர்களை வேண்டுகிறோம்.