நொண்டிச் சேவலும் ஞாயித்துக்கிழமை குழம்பும்

எங்க வீட்டுக் கொல்லையில ஒரு நாட்டுச் சேவல் இருக்கு. செவலை நிறம், ஒன்றரை வயசு, வாய் ஜாஸ்தி. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் காலைல பஞ்சாரத்தைத் தூக்கினா, கோழிங்க எல்லாம் ஓடிப்போச்சு, இவர் மட்டும் இடது காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறார். ரெண்டு எட்டு வைக்கிறார், உக்காந்துடறார். கூவவும் இல்லை.

பக்கத்து வீட்டு மதினி மதில் மேல எட்டிப் பாத்துட்டு, "நொண்டியாயிருச்சா தம்பி? ஞாயித்துக்கிழமை வருதுல்ல, குழம்பு வச்சிர வேண்டியதுதானே"ன்னாங்க. எங்க அண்ணன் இன்னும் ஒரு படி மேல. "அது என்ன முட்டையாடா போடுது?"

ஒண்ணு சொல்லிடறேன். நான் சைவம் இல்லை. சேவலை அறுக்கறது பாவம்னு சொல்றதுக்காக இந்தப் பதிவு இல்லை. என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான்: அறுக்கறதுக்கு முன்னாடியும் சரி, மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியும் சரி, அந்தக் காலை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. நாம யாரும் பாக்கறதே இல்லை.

நானும்தான் பாக்கலை. "சுளுக்கா இருக்கும், தானா சரியாயிரும்"னு ரெண்டு நாள் விட்டுட்டேன். மூணாம் நாள் ராத்திரிதான் தூக்கினேன். இருட்டினா கோழி அடங்கிடும், பிடிக்கறது சுலபம். துண்டுல சுத்தி மடியில வச்சுக்கலாம். ஆனா நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. நமக்கு இருக்கற மாதிரி கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைஞ்சாதான் அதுக்கு மூச்சே.

டார்ச் அடிச்சுப் பாத்தா, ரெண்டு விரலையும் சேத்து ஒரு வெள்ளை நூல் சுத்தியிருக்கு. சதைக்குள்ள இறங்கிடுச்சு. ஒரு விரலோட நுனி கறுத்தே போச்சு. அது அரிசி மூட்டை வாயைத் தைச்சிருக்கற நூல். அதை உருவிக் கொல்லையில எறிஞ்சது சாட்சாத் நானேதான். நொண்டியாக்கினதும் நாம, நொண்டியா இருக்குன்னு அறுக்கப் போறதும் நாம. அன்னிக்கு சோறு இறங்கலைங்க.

எல்லா நொண்டலும் நூலால வர்றது இல்லை. உள்ளங்கால் வீங்கி நடுவுல கறுப்பா பொருக்கு இருந்தா, அது கிருமி புகுந்த புண். கால் செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு சொரசொரன்னு இருந்தா, உள்ள நுண்ணிய பேன் மாதிரிப் பூச்சி. இளம் பருவத்துக் கோழி ஒரு காலை முன்னாடியும் ஒரு காலைப் பின்னாடியும் நீட்டிப் படுத்தா, மாரெக்ஸ்ங்கற வைரஸ் நோயா இருக்கலாம். நொண்டலோட கழுத்து முறுக்கு, பச்சையா வெள்ளையா கழிச்சல், கூட்டத்துல நாலஞ்சுக்கு ஒரே மாதிரின்னா வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகப்படணும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. பாக்காம எப்படித் தெரியும்?

அடுத்த தப்பு, நம்ம வீட்டு வலி மாத்திரையைப் பொடி பண்ணி ஊத்தறது. நானும் டப்பாவைக் கையில எடுத்துட்டேன். கால்நடை மருந்தகத்துல டாக்டர் கேட்டதுமே தலையில அடிச்சுக்கிட்டார். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் செத்த மாட்டுக் கறி வழியா போய்த்தான் பிணந்தின்னிக் கழுகுங்க சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமா செத்துது. 2004-ல ஆராய்ச்சியில தெரிஞ்சுது, 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தே கூடாதுன்னு நம்ம நாட்டுல தடை வந்துது. மாடு தாங்கறதைப் பறவை தாங்காது. வலி மருந்து வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

அவர் நூலை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி, தண்ணி கலந்த போவிடோன் அயோடின் தடவச் சொன்னார். மத்ததெல்லாம் வீட்டு வேலைதான். தனியா ஒரு கூண்டு, காஞ்ச வைக்கோல், தினமும் மாத்தணும். ஏறிக் குதிக்க உள்ள கழி வைக்கக் கூடாது. தீனியும் தண்ணியும் உக்காந்த இடத்துலயே எட்டணும். ஈ மொய்க்க விட்டா புழு வச்சிரும். முக்கியமா, மத்த கோழிங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி கூண்டை வைக்கணும். பழக்கம் விட்டுப்போனா திரும்ப விடும்போது கொத்தித் தள்ளிடும்.

செலவு? பஸ் காசும் ஒரு சின்ன மருந்து பாட்டிலும். தினம் கால் மணி நேரம். பன்னெண்டாம் நாள் விடியக்காலைல கூண்டுக்குள்ளேர்ந்து கூவினார். மதினி வீட்டுலேர்ந்து, "அடப்பாவி, பொழைச்சுக்கிட்டானா!"ன்னு குரல். கறுத்த விரல் நுனி காஞ்சு தானா விழுந்துடுச்சு. இப்பவும் கொஞ்சம் சாஞ்சுதான் நடக்கறார். அதுக்காக அதிகாரத்துல ஒரு குறையும் இல்லை :-)

எல்லாம் பொழைக்கும்னு சொல்லலை. எலும்பு வெளிய வந்து, தீனி எடுக்காம, நாளுக்கு நாள் வாடிட்டே போனா, இழுத்துப் பிடிக்கறதும் கொடுமைதான். அப்போ முடிச்சுடறதே கருணை. ஆனா அந்த முடிவைப் பாத்துட்டு எடுங்க. ஞாயித்துக்கிழமை வருதுங்கறது காரணம் ஆகாது.

உங்க வீட்டுல என்ன பண்ணுவீங்க? சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: மருந்து குடுத்த கோழியை உடனே அறுத்துச் சாப்பிடாதீங்க, எத்தனை நாள் கழியணும்னு டாக்டரைக் கேளுங்க. அப்புறம், மூட்டை நூலைக் குப்பைக்கூடையில போடுங்க. நான் இப்போ போடறேன்.