பாப்பாவுக்கும் ஓர் இடம்!



பேரையூர் பஸ் ஸ்டாண்டைக் காலை நேரத்தில் கவனித்திருக்கிறீர்களா? திருமங்கலம், மதுரை என்று வேலைக்குக் கிளம்பும் அம்மாக்கள் எத்தனை பேர்! காட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள் அதற்கு முன்பே புறப்பட்டிருப்பார்கள். இவர்கள் வீட்டில் இருக்கும் ஒரு வயது, இரண்டு வயதுப் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது?

பாட்டி இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால்? சில வீடுகளில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காதான் அம்மா ஆகிவிடுகிறாள். அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பாப்பாவுக்கு இடம் இல்லை என்றால், அக்காவின் படிப்புக்கும் இடம் இல்லாமல் போகிறது!

1969, காந்தி நூற்றாண்டு ஆண்டு. டில்லியில் அதற்காகக் கட்டட வேலை மும்முரமாக நடந்தது. செங்கல் சுமந்த தாய்மாரின் குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தார்கள். இதைக் கண்டு மனம் பொறுக்காத மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். அதுதான் 'மொபைல் கிரீச்சஸ்' அமைப்பாக வளர்ந்தது. வேலை முடிந்து தாய்மார் வேறு இடம் போனால், காப்பகமும் கூடவே போகும்!

பிறகு சட்டங்களும் வந்தன. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. 2017ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றது. தாய் தன் குழந்தையை ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது.

சரி, காப்பகத்தை எங்கே அமைப்பது? ஒரு ஊருக்குத் திட்டம் போடும்போது, "இங்கே வீடுகள், இங்கே கடைகளும் அலுவலகங்களும், இங்கே தொழிற்சாலைகள், இங்கே வயல்கள்" என்று நிலத்தைப் பிரிப்பார்கள். தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. திட்டத்தின் வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பல ஊர்களில், ஒரே ஒரு காப்பகம் திறப்பதற்குக்கூட ஊர்க்கூட்டத்தில் விசாரணை நடக்கும்!

அப்போது சிலர், "அலுவலகம் இருக்கும் இடத்தில் குழந்தைகளுக்கு என்ன வேலை? வண்டிகள் கூடும், சத்தம் வரும்" என்பார்கள். இது வழியை அடைக்கும் கேள்வி. "தீப்பிடித்தால் வெளியேற எத்தனை வழி? தரைத்தளத்தில் இருக்கிறதா? பக்கத்தில் சாக்கடையோ பள்ளமோ உண்டா? அம்மாவின் கார், ஸ்கூட்டர் எங்கே நிற்கும்?" இவை குழந்தையைக் காக்கும் கேள்விகள்.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அறியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கொட்டகை வகுப்பறைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. அந்தக் கூரையையும் குறுகலான வழியையும் முன்பே யாராவது கறாராகப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். ஆகவே, அனுமதி தருமுன் அதிகாரிகள் ஆராய்வதை "இழுத்தடிப்பு" என்று நினைக்கக் கூடாது. அதே நேரம், ஆராய்கிறோம் என்று சொல்லி வருஷக்கணக்கில் கிடப்பில் போடவும் கூடாது. பாப்பா அதற்குள் வளர்ந்துவிடும்!

மதுரை வேகமாக வளர்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு வரைபடம் போடும்போது கார் நிறுத்த, ஜெனரேட்டர் வைக்க, கேன்டீன் நடத்த என்று முதலிலேயே இடம் குறிக்கிறார்கள். பாப்பாவுக்கும் அப்படியே முதல் கோட்டிலேயே இடம் குறிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு, மாடிப்படிக்கு அடியில் மிச்சம் கிடக்கும் அறையைக் கொடுத்தால் அதற்குக் காப்பகம் என்று பெயரா?

தம்பி, தங்கைகளே! உங்கள் தெரு அங்கன்வாடியை இந்த வாரம் ஒருமுறை கவனியுங்கள். வாசலில் திறந்த சாக்கடை இருக்கிறதா? கதவு எளிதாகத் திறக்கிறதா? குடிதண்ணீர் வருகிறதா? குறை தெரிந்தால் அப்பா, அம்மாவிடம் சொல்லி, பேரூராட்சிக்கோ கிராம சபைக்கோ மனு கொடுக்கச் சொல்லுங்கள். வாய் பேசத் தெரியாத பாப்பாவுக்காக நாம்தானே பேச வேண்டும்!