‘கைப்பக்குவம்’ என்கிற சம்பள பாக்கி

ஐப்பசி பிறந்தால் இணையத்தில் ஒரு ஒப்பாரி ஆரம்பித்துவிடும். “அந்தக் காலத்துல வீட்டுலயே அதிரசம் சுடுவாங்க, முறுக்கு பிழிவாங்க, இப்ப எல்லாமே கடைச் சரக்கு.” எழுதுகிறவர் பெரும்பாலும் ஆண். என்னைப் போல ஏதாவது ஒரு நகரத்தில் மென்பொருள் வேலை. இந்த ஏக்கத்துக்கு நாமும் லைக் போட்டுக்கொண்டே இருக்கிறோம். எனக்கோ, கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவரின் தாராள மனசைப் புகழ்கிற மாதிரி கேட்கிறது.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் பரப்பி, ஈரம் முழுசாகப் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழையோடுதான். அரிசி லேசில் உலராது. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கணும். பதம் தாண்டினால் அதிரசம் கல்லு. பதம் வராவிட்டால் எண்ணெயில் பிரிந்து போகும். பிசைந்த மாவு ஒரு நாளாவது ஊறணும். திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் சீப்புச் சீடை என்று ஒன்று உண்டு. வரிவரியாக அழுத்திய மாவுப் பட்டையைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் வளைத்து முனைகளை ஒட்டணும். ஒரு டப்பாவுக்கு எத்தனை நூறு என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் அலுவலகத்தில் திரையில் ஒரு பட்டனை இடம் மாற்றவே மூன்று பேர் உட்கார்ந்து எஸ்டிமேட் போடுவோம். இங்கே மூன்று நாள் வேலைக்கு ‘கைப்பக்குவம்’ என்று ஒரே சொல். பக்குவம் கையிலேயே இருக்கிறதாம். அப்புறம் இடுப்பு வலியை எதில் எழுதுவது?

ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88. இது சராசரி. தீபாவளி வாரத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு அதற்கு மகளிர் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. அதை இலவசம் என்று கிண்டலடிக்கிற வாய்தான் அதிரசத்தை இலவசமாகக் கேட்கிறது.

இதே புதுக்கோட்டையில்தான் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைக்கும் காத்துக் கிடந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. அப்படி மிச்சம் பிடித்த நேரத்தைத் திரும்ப அடுப்படியில் கட்டச் சொல்வதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால் சரியாகிவிடுமா?

“கடைப் பலகாரம் உடம்புக்கு ஆகாதுங்க” என்பார்கள். நியாயமான பேச்சு. அப்படியானால் தெருவில் நல்ல எண்ணெயில் கைமுறுக்கு சுற்றுகிற அக்காவிடம் வாங்கலாமே. அங்கே போனால், “வீட்ல தானக்கா செய்றீங்க, கொஞ்சம் கம்மி பண்ணுங்க.” பெரிய கடையில் பெட்டிமேல் அச்சடித்த விலைக்கு மூச்சுவிடாத ஆள் இவர். ‘வீட்ல தான’ என்று சொன்னதுமே கூலி கழிந்துபோகிறது. மாவு, எண்ணெய், வெல்லம் மட்டும் மிச்சம்.

“அம்மாவுக்கு அதுல ஒரு சந்தோஷம்” என்பது அடுத்த வாதம். இருக்கலாம். இந்த வருஷம் முடியாதுப்பா என்று அம்மா சொல்லி, வீட்டில் யாரும் மூஞ்சியைத் தூக்கி வைக்காமல் இருக்கட்டும். அதற்கப்புறமும் அவர் அரிசி ஊறப்போட்டால் சந்தோஷம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுப் பலகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தேன்குழல் வேணும். முறுக்கு அச்சை அழுத்தத் தோளில் பலம் வேணும். ஜிம்முக்குப் போகிறவர்கள் தாராளமாக வரலாம். லீவு தீபாவளியன்றைக்கு மட்டும் போட்டால் பத்தாது, அரிசி ஊறுகிற அன்றைக்கே போடணும். கடைசியில் பிசுக்கேறிய வாணலி, ஜல்லிக்கரண்டி, தாம்பாளம் எல்லாம் குவிந்து கிடக்கும். ரீல்ஸ் எடுக்கிறவர் அதையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு எடுக்கட்டும்.