பிளக்கைக் கழற்றினால் போதுமா?

 

டி.வி. பழுதானதும் ஸ்குரூடிரைவரோடு பின்மூடியைத் திறக்க முனையும் பிள்ளை பல இல்லங்களில் உண்டு. அவனை ஏசாதீர்கள். கைத்தொழில் ஆர்வம் அல்லாஹ் அளித்த அருட்கொடை. ஹலாலான சம்பாத்தியத்திற்கு அது வழியாகலாம். ஆயினும், உயிரும் அவன் ஒப்படைத்த அமானிதமல்லவா? எனவே பாதுகாப்பே முதற்பாடமாகட்டும்.

"பிளக்கைக் கழற்றிவிட்டேன், இனி ஷாக் அடிக்காது" என்று எண்ணுவது பெருந்தவறு. உள்ளே நுழையும் 230 வோல்ட் மின்சாரம் டி.சி.யாக மாற்றப்பட்டு, பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேலாகத் தேங்குகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அது அங்கே நிற்கக்கூடும். இன்றைய எல்.இ.டி. டி.வி.க்கும் இது பொருந்தும். பழைய கலர் பிக்சர் டியூப் பெட்டியிலோ, டியூபின் மேலுள்ள ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கும் அதிகம். செட்டை நிறுத்திய பிறகும் அது தங்கியிருக்கலாம். தேர்ந்த மெக்கானிக் உடனில்லாமல் அங்கே கை வைக்கவே கூடாது.

முதலில் மல்டிமீட்டரைக் கையாளப் பழக வேண்டும். பிளக்கைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்து, கெபாசிட்டரின் இரு முனைகளையும் அளக்க வேண்டும். வோல்டேஜ் மீந்திருந்தால் ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யலாகாது. தீப்பொறி பறந்து காயம் ஏற்படலாம், போர்டும் கெடலாம். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதனை வடித்துவிட்டு, மீண்டும் அளந்த பின்னரே தொட வேண்டும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே மாற்ற வேண்டும்; கம்பியைச் சுற்றுவது தீயை வீட்டிற்கு அழைப்பதாகும். சரிசெய்த செட்டை 100 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்துச் சோதிப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும். அது செட்டைத்தான் காக்கும், தொடுபவரைக் காக்காது.

தாய்மார்களே! அவன் தனித்திருக்கையில் செட்டைத் திறக்க அனுமதிக்காதீர்கள். ஈரக்கையும் வெறுங்காலும் கூடாது. சிறு பிள்ளைகளை அப்பால் வையுங்கள். மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். ஷாக் அடித்தால் அவனைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கட்டும் முறையைப் பிள்ளைக்கு ஒரு நல்ல உஸ்தாதிடம் கற்றுக்கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அவன் கரங்கள் குடும்பத்தைத் தாங்கும். வஸ்ஸலாம்.