தோராயமும் குத்துமதிப்பும்



தோராயமான விடை என்றாலே படிக்காமல் வந்த பையன் அடித்துவிட்ட விடை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள். ஒரு கடையில் இரண்டு தையல்காரர்கள், ஐந்து உருப்படிகள். இரண்டு உருப்படிக்குத் தலா 3 மணி நேரம் பிடிக்கும், மற்ற மூன்றுக்கும் தலா 2 மணி நேரம். ஒருவர் எடுத்ததை அவரேதான் முடிக்க வேண்டும். இரண்டு பெரியவற்றையும் ஒருவரிடம், மூன்று சிறியவற்றையும் மற்றவரிடம் கொடுத்தால் 6 மணி நேரத்தில் கடையை அடைக்கலாம். ஐந்துதான் என்பதால் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 30 உருப்படி என்றால் பிரிக்கும் விதங்கள் 100 கோடிக்கு மேல். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பொங்கலே வந்துவிடும்!

எளிய வழி ஒன்று உண்டு. பெரிய வேலையை முதலில் எடு. யார் கை முதலில் காலியாகிறதோ அவருக்கு அடுத்ததைக் கொடு. நம் ஐந்து உருப்படிக்கு இப்படிச் செய்தால் 7 மணி நேரம் ஆகிறது, போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் அதிகம்தான். ஆனால் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கணித அறிஞர் ரொனால்ட் கிரஹாம் 1969-இல் ஒன்றை நிரூபித்தார். இரண்டு பேர் வேலை செய்தால், உருப்படி எத்தனை இருந்தாலும், மிகச் சிறந்த பிரிவினைக்கு ஆகும் நேரத்தைப்போல் 7/6 மடங்கை இந்த வழி ஒருபோதும் தாண்டாது. அந்தச் சிறந்த பிரிவினை எது என்று கண்டுபிடிக்காமலேயே இப்படி உறுதி சொல்ல முடிகிறது! வரிசை பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்தால் ஒன்றரை மடங்கு வரை போகலாம் என்பதையும் அவரே 1966-இல் காட்டியிருந்தார்.

குத்துமதிப்பு இப்படி எல்லை சொல்லாது. எனக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

வேலை நேரம் பிரிக்கும் மென்பொருள் எழுதும் என் மாணவர்களே, 'மிகச் சிறந்தது' என்று விளம்பரத்தில் போடாதீர்கள். மோசமாகப் போனால் எவ்வளவு தள்ளிப்போகும் என்று வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். உறுதி தர முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தால் கடைசி பஸ்ஸை விடப்போகிறவர் தையல்காரர்தான்.

இனி வீட்டுப்பாடம். மூன்று தையல்காரர்கள், வேலைகள் 5, 5, 4, 4, 3, 3, 3 மணி நேரம். மேலே சொன்ன எளிய வழியில் எவ்வளவு ஆகும்? அதைவிடக் குறைக்க முடியுமா? கமென்ட்டில் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டும் எழுதலாம், மார்க் குறைக்க மாட்டேன்.