தோலில் பிறந்த அறிவு

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் புகைவண்டி ஆம்பூரை நெருங்கும்போது, பதனிடும் தோலின் வாடையால் மூக்கைப் பொத்திக்கொள்வோர் உண்டு. தம் காலணிக்கு உரிய தோல் அத்தகைய ஊர்களிலிருந்து வருவதை அவர்கள் எண்ணுவதில்லை. அத்தோலில் உள்ள புரதத்தை ஆராய்ந்து உலகம் போற்றும் அறிவை நம் நாட்டார் கண்டதையும் பலர் அறியார்.

தோலுக்கு வலிமை தருவது கொலாஜன் என்னும் புரதம். சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கார்த்தாவுடன் அதனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். மூன்று சுருள் இழைகள் இணைந்த அமைப்புடையது அது என்று 1954-இல் இருவரும் வெளியிட்டனர். பின்னர், புரத இழை எக்கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதைக் காட்டும் வரைபடத்தை, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வகுத்தார்.

“வறிய நாட்டில் உடனே பயன் தரும் ஆராய்ச்சியன்றோ வேண்டும்? இழையின் முறுக்கை அறிந்து ஆவதென்ன?” என்பர் சிலர். இக்கேள்விக்குத் தோல் தொழில் நடைபெறும் பாலாற்றங்கரையே விடை கூறும்.

பதனிடுவதற்குரிய குரோமிய உப்பைச் செய்த ஆலையொன்றின் கழிவு, இராணிப்பேட்டையில் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் மாசு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு வழங்க நேர்ந்தது. குரோமியத்தின் கொடிய வகை, உயிரணுவுக்குள் புகுந்து, மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருளைச் சிதைக்கும். ஆயினும் உயிரணு வாளா இருப்பதில்லை. அதனுள் ஒரு புரதம் பழுதைக் கண்டறியும். ஒன்று பழுதான பகுதியை வெட்டி நீக்கும். ஒன்று இடைவெளியை நிரப்பும். மற்றொன்று முனைகளை இணைக்கும். இப்பழுதுநீக்கும் முறைகளை விளக்கிய அறிஞர் மூவர் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்புரதங்களின் வடிவை ஆராய்வோர், தம் முடிவு பொருந்துமா என்பதை இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டே சரிபார்க்கின்றனர். தோலின் புரதத்தை ஆராயப் புகுந்த அறிவு, தோல் தொழில் விளைத்த தீங்கினை அறியவும் துணைநிற்கின்றது! 1954-இல் இதனை யார் முன்னறிந்து சொல்லியிருக்க இயலும்?

ஆதலின், பயன் கண்ட பின்னரே பொருள் தருவோம் என்பது, விளைச்சலைக் கண்ட பின்னரே விதைப்போம் என்பது போலாம். கழிவைத் தடுப்பது ஆலையின் கடமை. தடுக்கச் செய்வது அரசின் கடமை. அறிவைத் தேடுவதோ மாணவராகிய உங்கள் கடமை. தோல் மணக்கும் ஊரில் பிறந்ததற்காக நீங்கள் நாண வேண்டுவதில்லை. ஆராயத்தக்க பொருள் உங்கள் வாயிலிலேயே இருக்கின்றது.