ஆகாயத்தாமரைமேல் சுமத்தும் பழிகள்

"செடி வளர்த்துச் சாக்கடையைச் சுத்தம் செய்வதெல்லாம் ஊருக்கு உதவாது" என்ற பேச்சு உள்ளாட்சிக் கூட்டங்களில் எளிதில் எடுபட்டுவிடுகிறது. அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஆகாயத்தாமரை ஏரியைக் கெடுக்கும் களை.' கேட்பாரற்றுப் பரவினால் கெடுக்கும்தான். ஏறக்குறைய இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் அதன் வேகம் ஏரிக்குக் கேடு. கரைகட்டிய குட்டையில் முறைவைத்து அறுத்தால், அதே வேகம் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீரிலிருந்து வெளியேற்றுகிறது. வேர்த்தூவிகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அறுக்காமல் விட்டால் செடி அழுகி, உறிஞ்சியதை நீருக்கே திருப்பிவிடும்.

'இது ஏட்டுச் சுரைக்காய்.' 1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பியில், நாசா ஆய்வாளர் பில் வுல்வர்ட்டன் தம் ஆய்வு மையத்தின் கழிவுநீரையே ஆகாயத்தாமரைக் குட்டையில் சுத்திகரித்தார். வங்கதேசத்து மிர்சாப்பூரில், குமுதினி மருத்துவமனை வளாகக் கழிவுநீரை 1990களில் லெம்னா என்ற சின்னஞ்சிறு மிதவைச்செடி தெளியவைத்தது. அறுத்த லெம்னா மீன்களுக்குத் தீவனமானது.

'அறுத்ததை எங்கே கொட்டுவது?' ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்; லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை. ஆகவே குட்டையோரத்திலேயே நறுக்கி, சாணத்தோடு கலந்து எரிவாயுக் கலனில் இட வேண்டும். கிடைக்கும் வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன். பக்கத்துச் சமையற்கூடத்தில் அடுப்பெரிக்கலாம். கலனில் மிஞ்சும் கரைசல் வயலுக்கு எருவாகும். தோல், சாயப்பட்டறைக் கழிவு கலந்த நீரென்றால் மட்டும் எருவாக்கக் கூடாது. குரோமியம் போன்ற உலோகங்கள் செடியில் சேர்ந்துவிடும்.

'கொசு பெருகும்.' அளவுக்கு மீறிக் கழிவை விட்டு, ஆக்சிஜன் இல்லாமல் மீனும் செத்த குட்டையில் பெருகும். கழிவை அளவோடு விட்டு, கொசுப்புழு தின்னும் மீன்களை வளர்த்தால் கட்டுக்குள் நிற்கும்.

'இடம் நிறைய வேண்டும்.' இது உண்மை. நெரிசல் மிக்க மாநகருக்கு இம்முறை பொருந்தாது. ஆனால் இயந்திரச் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூதிகளே பெரும்பாலும் பாதி மின்சாரத்தை விழுங்குகின்றன. மின்கட்டணம் கட்ட முடியாமல் அவற்றை நிறுத்திவைக்கும் சிற்றூருக்கு, ஊரோரப் புறம்போக்கு நிலம் பெரிய வாய்ப்பு.

செடிக்குட்டைகள் வீணாவது பெரும்பாலும் அறுவடை நின்றுபோவதால்தான். குட்டை வெட்ட நிதி ஒதுக்கும் தீர்மானத்திலேயே ஆண்டு முழுவதற்குமான அறுவடைக் கூலியையும் எழுதுங்கள். அதை எழுதாமல் தொடங்கிவிட்டுச் செடியைக் குறைசொல்வது நியாயமில்லை.